கடற்கரை மணலில் மாமரம்: கன்று வாங்குவது முதல் காய் பறிப்பது வரை

எங்கள் வீடு இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்குத் தெற்கே இருக்கிறது. ராத்திரியில் மன்னார் வளைகுடாவின் இரைச்சல் திண்ணை வரை கேட்கும். கொல்லையில் ஒரு நீலம், ஒரு பங்கனப்பள்ளி, ஒரு பெங்களூரா, மூன்று மாமரமும் காய்க்கின்றன. இவற்றுக்கு முன்னால் வைத்த மூன்று கன்றுகள் தங்கவில்லை. ஒன்று போர்வெல் தண்ணீரில் கருகியது. ஒன்றை ஆடு மொட்டையடித்தது. ஒன்றைக் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஒட்டுப் பகுதியிலேயே முறித்துப் போட்டது. "நம்ம உப்பு மண்ணுக்கு மா வராது, தென்னையை வைங்க" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஊரில் நிறையப் பேர் இன்னும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

மா இங்கே வரும். பெரியகுளத்திலும் நத்தத்திலும் செம்மண்ணில் வளர்க்கிற மாதிரி வளர்க்க முடியாது, அவ்வளவுதான். நம் கரையில் மா வளர்ப்பது முக்கால்வாசி தண்ணீர் வேலை. எந்தத் தண்ணீரை ஊற்றுவது, எந்த மாதம் ஊற்றுவது, எந்த மாதம் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் பழகிவிடும்.

கன்று வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் அடுக்காக இருக்கின்றன. மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. தங்கச்சிமடம் பக்கம் கடலுக்குள் இருக்கும் வில்லூண்டித் தீர்த்தத்தில் குடிக்கிற தண்ணீர் கிடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரையில் நாலைந்து அடி மணலைத் தோண்டி ஊற்றுநீர் இறைத்ததும் இந்த மேலடுக்கைத்தான். ஆழமாகத் துளை போட்டு மோட்டாரால் உறிஞ்சினால் அந்த மெல்லிய நல்ல அடுக்கு தீர்ந்து, கீழே இருக்கும் உப்புநீர் மேலே ஏறிவிடும். அதனால் மாவுக்கு ஆழ்துளைக் கிணற்றைவிட ஆழமில்லாத உறைக்கிணறு நல்லது.

நாக்கில் வைத்துப் பார்ப்பது போதாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும், பேனா போல இருக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிவிடுங்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு பாசன நீருக்குச் சொல்லும் பொது அளவு இது: லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் உப்பு இருந்தால் தடையில்லை, 450 முதல் 2000 வரை பயிரைப் பார்த்து ஊற்ற வேண்டும், 2000-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. மா உப்புத் தாங்காத கூட்டத்தைச் சேர்ந்தது. அதனால் என் கணக்கு இன்னும் இறுக்கம். 800 வரை தயங்காமல் ஊற்றுவேன். 1200 வரை என்றால் மழைக்காலத்தில் நன்றாகக் கழுவிக்கொள்ளும் மணல் நிலத்தில் மட்டும். அதற்கு மேல் போனால் மழைநீரோ குழாய்த் தண்ணீரோ கலக்காமல் கன்றுக்குக் காட்டமாட்டேன். கோடைக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை அளந்து பாருங்கள். தையில் 600 காட்டிய எங்கள் கிணறு ஆனியில் 1400 காட்டும்.

இரண்டு தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கருவி பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மாவுக்கு அது விஷம். துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் அப்படியே, சோடியம் சேர்ந்து மண் இறுகும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவின தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

மண் விஷயத்தில் முதலில் உங்களுடையது எந்த மண் என்று பாருங்கள். மண்டபம், இராமேசுவரம், பெரியபட்டினம் பக்கம் வெள்ளை மணலில் சிப்பித் தூளும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். ஒரு கைப்பிடி மண்ணில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு அதிகம். இந்த மண்ணில் மா வளரும், ஆனால் இரும்புச் சத்தை எடுக்கத் திணறும். சாயல்குடிப் பக்கத்துத் தேரிச் செம்மணல் மாவுக்கு நல்ல இடம். மழை பெய்தால் நாலு நாள் தண்ணீர் நிற்கும் களிமண் தரை என்றால் குழி தோண்டாமல் மேடு கட்டி நடுங்கள். சந்தேகமாக இருந்தால் மண்ணையும் தண்ணீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இராமநாதபுரத்திலேயே இருக்கிறது. அங்கேயும் போய்க் கேட்கலாம். "உப்பா, ஜிப்சம் போடு" என்று யாராவது சொன்னால் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுங்கள். சோடியம் ஏறி இறுகிய மண்ணுக்குத்தான் ஜிப்சம். சிப்பி மணலில் அதைக் கொட்டிப் பயனில்லை.

எந்த ரகம், எந்தக் கன்று

கொட்டை போட்டு வளர்த்த மரம் காய்க்க ஆறு ஏழு வருடம் ஆகும், சிலது பத்தும் ஆகும். காய் தாய் மரத்தைப் போலவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒட்டுக் கன்று வாங்குங்கள்.

முதல் மரம் வைக்கிறவர்களுக்கு நான் நீலம் சொல்வேன். வருடா வருடம் தவறாமல் காய்க்கும், கடைசிப் பருவத்தில் வரும், பழம் சிறியது என்றாலும் வாசனை உண்டு. பெங்களூரா, அதாவது கிளிமூக்கு, இன்னும் முரட்டு மரம்; ஊறுகாய்க்கும் உப்பு மிளகாய் தொட்டுத் தின்னவும் அதுதான். பங்கனப்பள்ளியும் வரும். இமாம் பசந்த், மல்கோவா ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. ருசியில் அவற்றுக்கு இணை இல்லை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மல்கோவா குறைவாகக் காய்க்கிற மரம், அதுவும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். ஒரே ஒரு மரத்துக்கு இடம் வைத்திருக்கிறவர் அதை முதலில் வைத்து மனம் சோர்ந்துபோக வேண்டாம். இடம் சின்னது என்றால் அம்ராபாலி. தசேரியையும் நீலத்தையும் கலந்து உண்டாக்கிய குட்டை ரகம் அது. அதே இரண்டையும் மாற்றிக் கலந்தது மல்லிகா; பழம் பெரிது, மரமும் கொஞ்சம் பெரிது.

இஸ்ரேலில் உப்புத் தண்ணீரையும் சுண்ணாம்பு மண்ணையும் தாங்குவதற்காகவே 13-1 என்று ஒரு வேர்ச்செடியைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் மற்ற ரகங்களை ஒட்டுகிறார்கள். நம் ஊர் நாற்றங்காலில் பெரும்பாலும் கிடைத்த நாட்டு மாங்கொட்டையில்தான் ஒட்டு. கடலோரத்துக்கு ரகத்தைவிட வேர்தான் முக்கியம் என்பதால், நம் பக்கத்து வீடுகளில் உப்புக்கு நின்று காய்க்கும் பழைய நாட்டு மரத்துக் கொட்டையை முளைக்க வைத்து, அதில் நல்ல ரகத்தை ஒட்டுக்கட்டித் தரச் சொல்லலாம். ஒரு வருடம் தாமதமாகும். அந்தத் தாமதம் தகும் என்பது என் எண்ணம்.

கன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தரையில் இருந்து முக்கால் சாண், ஒரு சாண் உயரத்தில் ஒட்டுத் தழும்பு தெரிய வேண்டும். தழும்புக்கு மேலும் கீழும் தண்டு ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒட்டுக்கு மேலே குறைந்தது இரண்டு தடவை தளிர்த்து, இலை முற்றியிருக்க வேண்டும். பையின் அடியைக் கிழித்துக்கொண்டு தடித்த வேர் வெளியே போயிருந்தால் வேண்டாம். ஆறடி உயரக் கன்று, பூவோடு கன்று என்று காட்டினால் மயங்காதீர்கள். இரண்டு மூன்றடி உயரக் கன்றுதான் காற்றில் நிற்கும். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் வாங்கினால் ரகம் மாறாது.

குழி

ஆடியிலேயே குழி எடுத்துவிடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி. ஒரு மாதம் வெயிலில் காயட்டும். மூன்றடி தோண்டும் முன்பே ஈரம் கசிந்தால் நிறுத்திவிட்டு, தரைக்கு மேல் இரண்டடி மேடு கட்டிக்கொள்ளுங்கள். வேர் உப்புநீரைத் தொடக்கூடாது. சுவரில் இருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளுங்கள், கழிவுத் தொட்டியில் இருந்து இன்னும் தள்ளுங்கள். இரண்டு மரம் என்றால் நடுவே பதினைந்து அடி போதும். கவாத்து செய்து, அதாவது கிளையை வெட்டி, அடக்கி வைக்கப் போகிறோம்.

மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அதற்குக் குழியின் அடியில் தேங்காய் மட்டையை உள்பக்கம் மேல் பார்க்க இரண்டு வரிசை அடுக்குவோம். மட்டை ஊறி ஈரத்தை வைத்துக்கொள்ளும், சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) கொடுக்கும். அதன் மேல் தோண்டிய மேல்மணல், கண்மாயில் எடுத்த கரம்பை மண், மக்கிய சாணி எரு மூன்றையும் சரிபங்காகக் கலந்து நிரப்புங்கள். வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ சேர்த்தால் கரையான் ஒதுங்கும். கரம்பை எடுக்கும் கண்மாய் உப்பு ஏறாத கண்மாயாக இருக்க வேண்டும். ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்து மீட்டரை வைத்துப் பாருங்கள். பாதி மக்கின எரு போடாதீர்கள், சூடு வேரைச் சுடும். தென்னை நார்க் கழிவு புதிதாக இருந்தால் அதிலும் உப்பு இருக்கும், மூன்று நாலு முறை கழுவிப் போடுங்கள்.

நடுவது புரட்டாசிக் கடைசி, ஐப்பசி. நமக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடுகிறது. முதல் இரண்டு மழை மண்ணில் உள்ள உப்பைக் கீழே தள்ளட்டும், பிறகு நடுங்கள். ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேல் நாலு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். ஒட்டுக் கட்டின பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால் தண்டை இறுக்கி, ஒரு நாள் காற்றில் அங்கேயே முறியும். எங்கள் மூன்றாவது கன்று அப்படித்தான் போயிற்று.

ஆடும் காற்றும்

நட்ட அன்றே வேலி. நாளைக்குப் போடலாம் என்று விட்டால் நாளைக்குக் கன்று இருக்காது. உடை முள்ளோ கருவேல முள்ளோ நாலடி உயரத்துக்குச் சுற்றி அடைத்துவிடுங்கள். ஆடு முன்னங்காலைத் தூக்கி எட்டும் உயரத்தையும் கணக்கில் வையுங்கள்.

காற்று அதைவிடப் பெரிய விஷயம். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைத்ததில்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரை அப்படிப்பட்ட காற்றில்தான் நம் கன்று நிற்கிறது. காற்று கொண்டுவரும் உப்புத் துளி இலையில் படிந்து நுனியைக் கருக்கும். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் போன்ற தென்கரை ஊர்களில் கச்சான் கடல் பக்கமிருந்து வருவதால் தெற்கிலும் மேற்கிலும் தடுப்பு வேண்டும். தேவிப்பட்டினம், தொண்டி போன்ற பாக் விரிகுடாக் கரையில் வாடைக் காற்றுதான் உப்பு சுமந்து வரும்; அங்கே வடக்கும் கிழக்கும். மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் இரண்டு பக்கமும் அடைக்க வேண்டியதுதான்.

முதல் இரண்டு வருடத்துக்குப் பனை ஓலைத் தட்டி போதும். முழுதாக மறைக்காமல் காற்று கொஞ்சம் ஊடுருவும்படி இருக்கட்டும். சுவர் மாதிரி அடைத்தால் காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும். நீண்ட காலத்துக்குப் புன்னை, பூவரசு, சவுக்கு மூன்றில் ஒன்றை நடுங்கள். எனக்குப் புன்னை பிடிக்கும். மெதுவாக வளர்ந்தாலும் உப்புக்கு அசையாது, வாசலுக்கு நிழலும் ஆகும். காற்று அடித்து ஓய்ந்த நாட்களில் சாயங்காலம் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

முதல் வருடம் மழை நின்ற பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு குடம் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குக் கஷ்டப்படும் வீடுகளுக்குப் பானைப் பாசனம் சொல்வேன். மெருகேற்றாத மண்பானை இரண்டைக் கன்றில் இருந்து ஒன்றரை அடி தள்ளி, இரு பக்கமும் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிடுங்கள். பானை கசிந்து வேருக்கு மட்டும் போகும், வெயில் குடிக்காது. மேலே காய்ந்த ஓலை, சருகு நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள். கரை ஒதுங்கும் கடல்பாசியும் நல்ல மூடாக்கு. அதைப் புரட்டாசிக்கு முன் குவித்து வைத்து ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிட்டு, உப்புப் போன பிறகு எடுங்கள்.

இலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பானால் உப்பு. அப்போது கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றுவதை நிறுத்தி, வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி உப்பை வேருக்குக் கீழே இறக்குங்கள். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு; சிப்பி மணலில் இதுதான் அதிகம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை சாயங்காலத்தில் இலையில் தெளியுங்கள். இரண்டு மூன்று தடவையில் பச்சை திரும்பும்.

கவாத்து

கன்று மூன்றடிக்கு மேல் போனதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, இருந்தாலும் கிள்ளுங்கள். கீழே நாலைந்து கிளை வெடிக்கும். நாலா பக்கமும் பார்த்து நிற்கும் மூன்றை மட்டும் விட்டு மற்றதை எடுங்கள். அந்தக் கிளைகள் இரண்டு முறை தளிர்த்ததும் மறுபடி நுனி கிள்ளுங்கள். இப்படிச் செய்தால் மரம் குடை போல் விரிந்து தாழ நிற்கும். பன்னிரண்டு அடிக்கு மேல் விடாதீர்கள். உயர்ந்த மரம் நம் காற்றுக்கு ஆகாது, காய்க்கு உறை போடவும் கை எட்டாது. ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைப் பார்த்த அன்றே ஒடித்துவிடுங்கள். விட்டால் வேர்ச்செடி வளர்ந்து ஒட்டு ரகம் பின்தங்கிவிடும்.

முதல் இரண்டு வருடம் பூத்தால் பூவைக் கிள்ளிவிட வேண்டும். மூன்றாம் வருடம் பத்துக் காய், நாலாம் வருடம் மரம் தாங்குகிற அளவு.

பூக்க வைப்பது

இங்கேதான் நம் கரை மற்ற ஊர்களில் இருந்து மாறுபடுகிறது.

மாமரம் பூக்க இரண்டு விஷயம் கூட வேண்டும். கிளை நுனியில் உள்ள இலைகள் முற்றிக் கரும்பச்சையாகி மூன்று நாலு மாதம் ஆகியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் குளிரோ வறட்சியோ மரத்தின் வளர்ச்சியை நிறுத்தி வைக்க வேண்டும். வட மாநிலங்களில் குளிர் அந்த வேலையைச் செய்கிறது. நமக்கு மார்கழியிலும் கடல் காற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. ஆகவே வறட்சி ஒன்றுதான் நம் கையில் இருக்கும் கருவி. ஆனால் மற்ற இடங்களில் மரம் காய்ந்து ஓய்வெடுக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு மழை. மழை குடித்த மரம் பூவுக்குப் பதில் செந்தளிர் விடும்.

இதற்கு மணல் நமக்கு உதவி செய்கிறது. கரிசலில் மழை நின்று ஒன்றரை மாதம் ஈரம் இருக்கும். மணல் பத்துப் பதினைந்து நாளில் காய்ந்துவிடும். மார்கழிப் பாதியில் மழை ஓய்ந்தது என்றால், அதே நாளில் இருந்து காய்க்கும் வயது மரத்துக்குத் தண்ணீரை முழுதாக நிறுத்திவிடுங்கள். மூடாக்கையும் ஒதுக்கி மண்ணில் வெயில் படவிடுங்கள். இலை மத்தியானம் சற்றுத் தொங்கும், காலையில் நிமிரும். அது மரம் சாகப்போகிற அறிகுறி கிடையாது. தையில் நுனி மொட்டுகள் பருத்துப் பூங்கொத்து இழுக்கும்.

எங்கள் பங்கனப்பள்ளி முதன்முறை பூக்க வேண்டிய வருடம், தை பிறந்ததும் இலை சோர்ந்ததைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தினம் நாலு குடம் ஊற்றினேன். மாசியில் மரம் முழுக்கச் செந்தளிர், பார்க்க அழகாக இருந்தது. ஒரு காய் இல்லை. எதிர்வீட்டு லாத்தா வந்து பார்த்துவிட்டு, "பூக்கிற மரத்துக்குத் தண்ணி காட்டாதீங்க. பிஞ்சு பட்டாணி மாதிரி கண்ணுக்குத் தெரியட்டும், அப்புறம் ஊத்துங்க" என்றார். அவர் வீட்டு மரம் அவருடைய வாப்பா வைத்தது. அன்றிலிருந்து அவர் சொன்ன கணக்கைத்தான் பின்பற்றுகிறேன். பட்டாணி அளவு பிஞ்சு கண்ட பிறகே முதல் தண்ணீர்.

வறட்சி பலிக்க வேண்டுமென்றால் உரத்தையும் அதற்கேற்ப முன்கூட்டியே முடிக்க வேண்டும். காய் பறித்து முடிந்த ஆடியில் உரம், ஆவணிக்குப் பிறகு தழைச்சத்து (நைட்ரஜன்) எதுவும் கூடாது. மீன் அமிலம், பஞ்சகவ்யம், கடலைப் புண்ணாக்குக் கரைசல் எல்லாவற்றுக்கும் இந்தக் கெடுதான். கடலோரத்தில் மீன் கழிவு மலிவாகக் கிடைப்பதால் வருடம் முழுக்க மீன் அமிலம் ஊற்றி, தளிராகவே வளர்ந்து நிற்கும் மரங்கள் நிறைய உண்டு. பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி முதல் வருடம் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 200 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 200 கிராம், சாம்பல் சத்து 300 கிராம். வருடத்துக்கு வருடம் கூட்டிக்கொண்டே போய், ஆறாம் வருடத்தில் இருந்து தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்தும் மணிச்சத்தும் ஒவ்வொரு கிலோ, சாம்பல் சத்து ஒன்றரைக் கிலோ. வீட்டுக் கொல்லைக்கு அந்த முழு அளவு தேவைப்பட்டதில்லை, எருவும் புண்ணாக்குமே எனக்குப் போதுமாக இருக்கிறது. சாம்பல் சத்து வாங்கும்போது மட்டும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேளுங்கள். மியூரியேட்டில் குளோரைடு இருக்கிறது, நம்மிடம் அது ஏற்கெனவே கூடுதல்.

தை முடிந்தும் மொட்டு அசையவில்லை, இலை நன்றாக முற்றியிருக்கிறது என்றால் பொட்டாசியம் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 10 கிராம் கரைத்து இலை நனைய ஒரு முறை தெளிக்கலாம். இலை முற்றாத மரத்தில் அது வேலை செய்யாது. பேக்லோபுட்ரசால் என்ற மருந்தை வேரில் ஊற்றினால் பூக்கும் என்று கடையில் சொல்வார்கள். பூக்கும், உண்மைதான். அது மண்ணில் நீண்ட நாள் தங்கும், இளமரத்தைக் குறுக்கிவிடும். நாலடி மணலுக்குக் கீழேதான் நாம் குடிக்கிற ஊற்று இருக்கிறது. என் கொல்லையில் அதை ஊற்றமாட்டேன்.

பூவில் இருந்து காய்க்கு

ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். பெரும்பாலானவை ஆண் பூ. ஒரு கொத்தில் ஒன்றோ இரண்டோ காய் நிலைத்தால் அது நல்ல விளைச்சல். ஆகையால் தரையெல்லாம் பூவும் பிஞ்சும் கொட்டிக் கிடப்பதைப் பார்த்துக் கலங்காதீர்கள். மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் தேனீயைவிட ஈக்களின் பங்கு பெரிது. தைவானில் மாந்தோப்புக்காரர்கள் பூக்கும் காலத்தில் மீனை அழுகவிட்டு ஈக்களை வரவழைக்கிறார்கள். கருவாடு காயும் நம் ஊர்களில் அந்த வேலையே வேண்டாம். பூ விரிந்திருக்கும் நாட்களில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்காமல் இருந்தால் போதும்.

மருந்து பூ விரியும் முன்பே. கொத்து விரல் நீளம் இழுக்கும்போது கிளையைத் தட்டிப் பாருங்கள். குட்டிக் குட்டியாகத் தத்துப்பூச்சிகள் பறந்தால் ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள், பத்து நாள் கழித்து இன்னொரு முறை. தத்துப்பூச்சி பூச்சாற்றை உறிஞ்சும், இனிப்பாகக் கழியும், அதன் மேல் கரும்பூசணம் படரும். பனி இறங்கும் தை மாதத்தில் கொத்தில் வெள்ளைமாவு தூவினாற்போல் வந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். பட்டாணி அளவில் பிஞ்சு அதிகமாக உதிர்ந்தால் என்ஏஏ என்ற வளர்ச்சி ஊக்கி உதவும், 4.5 சதவீதக் கரைசலாக விற்பதை 10 லிட்டருக்கு 4.5 மில்லி, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

பிஞ்சு கண்டதில் இருந்து காய் முற்றும் வரை வாரம் ஒரு முறை, மணல் என்றால் இரண்டு முறை, ஒழுங்காகத் தண்ணீர் கொடுங்கள். பதினைந்து நாள் காயவிட்டு ஒரே நாளில் நிரப்பினால் காய் வெடிக்கும். உதிரும் வடுக்களை வீணாக்காதீர்கள், நம் கல்லுப்பும் முண்டு மிளகாயும் போட்ட மாவடு வருடம் முழுக்க வரும்.

கோழிமுட்டை அளவு வந்ததும் காகித உறை கட்டுங்கள். பழ ஈ முட்டையிடாமல் தடுக்க வீட்டு மரத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. விழுந்த பழத்தை மரத்தடியில் விடாதீர்கள். புழு அதிலிருந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பும். வாளித் தண்ணீரில் இரண்டு நாள் அமிழ்த்திப் புதைத்துவிடுங்கள். வௌவாலுக்கும் அணிலுக்கும் பழைய மீன்வலையை மரத்தின் மேல் இழுத்துக் கட்டலாம். தளர்வாகத் தொங்கவிட்டால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும், விறைப்பாகக் கட்டுங்கள்.

மாடியில் வைக்கிறவர்களுக்கு

மண்ணே இல்லாத வீடு என்றால் 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி அடியில் துளை போட்டு அம்ராபாலி வையுங்கள். கன்று வைக்கும் கலவையும் கவாத்தும் மேலே சொன்னதேதான். டிரம்மில் உப்பு வெளியேற வழி குறைவு என்பதால் மாதம் ஒரு முறை அடித்துளை வழியாக வழிந்தோடும்வரை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பூக்கும் முன் காயப்போடும்போது முற்றிலும் நிறுத்தாமல் பாதியாகக் குறையுங்கள்.

பறிப்பதும் அடுத்த வருட வேலையும்

பங்கனப்பள்ளி வைகாசியில், நீலம் ஆனியில். காம்பைச் சுற்றித் தோள் எழும்பி, காம்பு குழியில் இறங்கினாற்போல் இருந்தால் முற்றிவிட்டது. சந்தேகம் என்றால் ஒரு காயைப் பறித்துத் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் முற்றல், மிதந்தால் இன்னும் பொறுங்கள். காற்று அடிக்கும் மாதம் என்பதால் மரத்திலேயே பழுக்கட்டும் என்று விட முடியாது. இரண்டு அங்குலம் காம்போடு வெட்டி, கவிழ்த்து வைத்துப் பால் வடிந்த பிறகு காம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பால் தோலில் பட்டால் கருப்பாகி அந்த இடம் அழுகும். வைக்கோலில் அடுக்கி வைத்தால் நாலைந்து நாளில் வீடே மணக்கும்.

கடைசிக் காய் இறங்கின அந்த வாரத்திலேயே அரிவாளை விட்டுவிட்டுக் கவாத்துக் கத்தரியை எடுங்கள். காய்த்த நுனிகளை ஒரு முழம் குறைத்து, உள்ளே நெருங்கி நிற்கும் கிளையையும் காய்ந்ததையும் எடுத்து, தடித்த வெட்டுகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவி, எரு வைத்துத் தண்ணீர் விடுங்கள். ஆடி, ஆவணியில் வரும் தளிர்தான் மார்கழிக்குள் முற்றித் தையில் பூக்கும். ஐப்பசிக்குப் பிறகு வெட்டினால் அடுத்த வருடத்துப் பூவை வெட்டுகிறோம்.